வண்டிக்கு வயசாகல, தண்ணியிலதான் உப்பு

கத்திரி வெயில் ஆரம்பிச்சாச்சு. இனிமே மத்தியான நேரத்துல பூந்தமல்லி பைபாஸ்லயும் அம்பத்தூர் எஸ்டேட் ரோட்டுலயும் பானெட்டைத் தூக்கி வெச்சுக்கிட்டு ஓரங்கட்டி நிக்கிற கார்களை நீங்களும் பார்ப்பீங்க. பெரும்பாலும் பழைய வண்டிங்களாத்தான் இருக்கும். ஒருத்தர் பாட்டில் தண்ணியோட நிப்பார். அந்தப் பக்கமாப் போறவங்க சொல்றதும் வருஷா வருஷம் ஒண்ணுதான்: "பழசு சார், அதான் கொதிக்குது. காயலான் கடையில போட்டுட்டு புதுசு வாங்குங்க."

எனக்கு இதுல உடன்பாடு இல்ல. பழைய வண்டி கொதிக்குதுன்னா பத்துக்கு எட்டு தடவை வயசு காரணமா இருக்காது. வருஷக்கணக்கா அதுக்குள்ள என்ன தண்ணி ஊத்தினோம், எப்ப கழுவினோம் அப்படிங்கறதுதான் காரணம். ரேடியேட்டரைக் கழுவறது அரை நாள் வேலை. அதை ஒழுங்காச் செஞ்சா வண்டி இன்னும் பல வருஷம் ஓடும். ஆனா கழுவின தண்ணியை எங்க விடறோம்ங்கறதும் அதே வேலையில ஒரு பாதி. நகரத்துல இருக்கிறவங்க முதல் பாதியையே மறந்துட்டாங்க, மெக்கானிக் ஷெட்டுக்காரங்க ரெண்டாம் பாதியை மறந்துட்டாங்க. ரெண்டையும் சேர்த்துச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

என்கிட்ட இருக்கிறது 1999 மாடல் ஆம்னி வேன். கீரைக்கட்டும் மல்லிப்பூ மூட்டையும் ஏத்திக்கிட்டு விடியக்காலையில மார்க்கெட்டுக்குப் போற வண்டி. பதினஞ்சு வருஷம் தாண்டின காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கிற கட்டணத்தை 2022 ஏப்ரல்ல 5,000 ரூபா ஆக்கினாங்க. அதையும் கட்டி வண்டியை வெச்சிருக்கிறவங்க எல்லாரும் பழம்பெருமைக்காக வெச்சிருக்கல. புதுசு வாங்க வழியில்லாம, இருக்கிறதை வெச்சுப் பொழைக்கிறவங்கதான் அதிகம். அவங்களுக்கு இன்ஜின் ஹெட்டு வளைஞ்சு போறதுன்னா ஒரு போகம் போன மாதிரி.

கழனியில உப்பு பூக்கிற கதைதான்

எங்க பக்கம் போர் தண்ணி பல இடத்துல கடுந்தண்ணி. சோப்பு நுரைக்காது. வென்னீர் தவலை அடியில வெள்ளையா ஓடு மாதிரி கட்டிக்கும். பக்கெட்ல போடற ஹீட்டர் கம்பியைப் பார்த்திருப்பீங்க, ஆறே மாசத்துல சுண்ணாம்பு பூசின மாதிரி ஆயிடும். தண்ணியில கரைஞ்சிருக்கிற சுண்ணாம்புச் சத்து சூடு பட்டதும் பிரிஞ்சு ஒட்டிக்குது, அவ்வளவுதான். ரேடியேட்டர்லயும் இன்ஜின் பிளாக்குக்குள்ளயும் நடக்கிறது இதேதான்.

குடிதண்ணிக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெச்சிருக்கிற கடினத்தன்மை அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேற தண்ணியே இல்லன்னா 600 வரைக்கும் பொறுத்துக்கலாம்னு இருக்கு. அந்த 600-ஐயே கணக்குக்கு எடுத்துப்போம். சின்ன காருக்கு நாலு லிட்டர் பக்கம் பிடிக்கும். ஒரு தடவை ரொப்பினா உள்ள போற உப்பு ரெண்டரை கிராம்கூட இல்ல. இதுல என்ன ஆகிடப் போகுதுன்னு தோணும்.

ஆபத்து ஒரு தடவை ரொப்பறதுல இல்ல, தினமும் ஊத்தறதுலதான். எங்கயோ ஓஸ் கிளிப்புல கசியுது, மூடி ரப்பர் போயிருக்கு. அதைச் சரி பண்ணாம காலையில அரை லிட்டர் ஊத்திட்டு வண்டியை எடுக்கிறோம். வருஷத்துக்கு 180 லிட்டர் ஆச்சு. தண்ணி ஆவியாப் போயிடும், உப்பு போகாது. கூட்டிப் பார்த்தா 100 கிராமுக்கு மேல. அதுல பாதி ஒட்டினாலும் ஒரு கைப்பிடி சுண்ணாம்பு. ரேடியேட்டர் குழாயோட உள் இடைவெளி நெல்மணி அகலம்கூட இருக்காது. அதுக்குள்ள இது போய் உட்கார்ந்தா என்ன ஆகும்?

விவசாயிக்கு இதை விளக்கவே வேணாம். உப்புத் தண்ணியைப் பாய்ச்சிப் பாய்ச்சி, வடிகால் இல்லாத கழனி உவர் பூத்துப் போறதை நாங்க கண்ணால பார்க்கிறோம். தண்ணியைப் பயிர் குடிக்குது, வெயில் குடிக்குது. உப்பை யாரும் குடிக்கிறதில்ல.

செம்பு சூட்டைக் கடத்தறதுல கெட்டிக்காரன். இந்தச் சுண்ணாம்புப் படிவு அதுல நூத்துல ஒரு பங்குகூட கடத்தாது. இன்ஜின் சூடு தண்ணிக்கு வரணும், தண்ணி சூடு ரேடியேட்டர் தகட்டுக்கு வரணும், தகட்டுச் சூடு காத்துல போகணும். நடுவுல சுண்ணாம்புப் போர்வை போர்த்திட்டா சூடு எங்க போகும்? உள்ளயேதான் நிக்கும். இதுக்கு வண்டியைக் குத்தம் சொல்றது, வாய்க்கால் தூர்ந்து போனதுக்குப் பயிரைத் திட்டற மாதிரி.

கழுவறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது

வண்டி சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில கை வைக்கவே கூடாது. ராத்திரி நிறுத்தி, காலையில திறங்க. மூடிங்கறது சும்மா தண்ணி சிந்தாம இருக்கப் போட்டது இல்ல. 0.9 கிலோ அழுத்தம் தாங்கற மூடின்னா உள்ள இருக்கிற தண்ணி 100 டிகிரியில கொதிக்காது, 118 பக்கம் போகணும். சூட்டோட திறந்தா அழுத்தம் சட்டுனு விட்டுப்போய் தண்ணி மொத்தமும் பொங்கி மூஞ்சில அடிக்கும். அதே மாதிரி மூடியோட ரப்பர், ஸ்பிரிங் போயிருந்தா நல்ல ரேடியேட்டரும் கொதிக்கும். சில நூறு ரூபா மூடியை மாத்தினாலே பாதி வண்டிங்க சரியாயிடும். அதைச் சொல்ற ஷெட்டு குறைவு.

திறந்ததும் மூடியோட அடிப்பக்கத்தைப் பாருங்க. செங்காவி நிறத்துல சேறு இருந்தா துரு. வெள்ளையா ஓடு இருந்தா சுண்ணாம்பு. ரெண்டுக்கும் கழுவினா பலன் உண்டு. பால் காபி மாதிரி கொழகொழன்னு இருந்தா இன்ஜின் ஆயில் கலந்திருக்கு, கேஸ்கட்டைப் பார்க்கணும். அதை ஃப்ளஷ் பண்ணி சரி பண்றேன்னு யாராவது சொன்னா காசு கொடுக்காதீங்க.

ஃபேன் சுத்துதா, பெல்ட் தளர்ந்திருக்கா, வாட்டர் பாடியில சொட்டுதா, இதையும் அப்பவே பார்த்துடணும். ரேடியேட்டரோட வெளிப்பக்கத் தகட்டு இடுக்குல பூச்சியும் தூசியும் அடைச்சிருக்கும். அறுவடைக் காலத்துல டிராக்டருக்கு இதேதான் நடக்கும். வைக்கோல் தூசி அப்பிக்கிட்டு உள்ள தண்ணி நல்லா இருந்தும் கொதிக்கும். இன்ஜின் பக்கத்துலேர்ந்து வெளிப்பக்கமா, மெதுவா தண்ணி விட்டா போதும். சர்வீஸ் ஸ்டேஷன் கன்னு வெச்சு அடிச்சா தகடு மடங்கிடும்.

கழுவற முறை

சொட்டுநீர் போட்டிருக்கிறவங்களுக்கு இது புது வேலையே இல்ல. சொட்டுக்குழாயில உப்பு அடைச்சா ஆசிட் கலந்த தண்ணி விடறோம், ஊற வைக்கிறோம், அப்புறம் ஒவ்வொரு குழாயோட கடைசி மூடியையும் கழட்டிவிட்டு அழுக்கு போற வரைக்கும் நல்ல தண்ணி ஓட்டறோம். ஃபில்டருக்குத் தண்ணியைத் திருப்பி விட்டுக் கழுவறோம். காருக்கும் இதே நாலு வேலைதான்.

அடியில அகலமான பாத்திரத்தை வெச்சுட்டு ரேடியேட்டர் வடிகாலைத் திறங்க. வடிகால் இல்லன்னா கீழ் ஓஸைக் கழட்டுங்க. அம்பாசடர் மாதிரி வண்டியில இன்ஜின் பிளாக்கோட பக்கவாட்டுலயும் ஒரு வடிகால் உண்டு. அதை யாருமே திறக்கறதில்ல. சேறு தங்கறதே அங்கதான். கம்பி விட்டுக் குத்தினா அம்மிக்கல் கழுவின தண்ணி மாதிரி வரும்.

அப்புறம் நல்ல தண்ணி ரொப்பி, மேல் ஓஸ் சூடாகற வரைக்கும் இன்ஜினை ஓட விட்டு, ஆற வெச்சு, மறுபடி வடிக்கணும். தண்ணி தெளியற வரைக்கும் ரெண்டு மூணு தடவை. நிறைய பேருக்கு இதுவே போதும். சுண்ணாம்பு கெட்டியா இருந்தாத்தான் மருந்து. கடையில விக்கிற ஃப்ளஷ் திரவத்தை டப்பாவுல போட்டிருக்கிற அளவுக்கு, போட்டிருக்கிற நேரத்துக்கு மட்டும் விடுங்க. அப்புறம் நல்லா அலசுங்க.

ரோட்டோர ஷெட்டுல சில பேர் கக்கூஸ் கழுவற ஆசிட்டையோ காஸ்டிக் சோடாவையோ ஊத்தறாங்க. "ஒரே ஊத்து, பளபளன்னு ஆயிடும்ணே"ன்னு என்கிட்டயும் ஒரு தம்பி சொன்னான். பளபளன்னு ஆகும்தான். மாருதி 800, ஆம்னி மாதிரி வண்டியில ஹெட்டு அலுமினியம். காஸ்டிக் அலுமினியத்தைத் தின்னுடும். ஆசிட் சுண்ணாம்போட நிக்காது, உலோகத்தையும் அரிக்கும். "தம்பி, நீ ஊத்தறது தரைக்கா வண்டிக்கா"ன்னு கேட்டுட்டு வண்டியை எடுத்துட்டேன்.

கடைசியா தண்ணியைத் திருப்பி விடற வேலை. தெர்மோஸ்டாட்டைக் கழட்டிட்டு, ரேடியேட்டரோட கீழ் வாய்ல ஓஸை வெச்சு மேல் வாய் வழியா வெளியேத்தணும். ஓட்டத்துல அடைஞ்சது எதிரோட்டத்துலதான் கழலும். அழுத்தம் கம்மியா இருக்கட்டும். பழைய செம்பு ரேடியேட்டர் ரொம்ப அடைச்சிருந்தா மேல் டாங்கியை ஈயம் உருக்கிக் கழட்டி, குழாய் குழாயா ராடு விட்டு எடுத்து, திரும்பப் பத்தவெக்கிற ஆளுங்க பாடி, அம்பத்தூர் பக்கம் இன்னும் இருக்காங்க. பிளாஸ்டிக் டாங்கி வெச்ச புது ரேடியேட்டர்ல அந்த வேலைக்கு இடமில்ல. இந்தக் கைவேலை தெரிஞ்சவங்க குறைஞ்சுக்கிட்டே வர்றாங்கங்கறது தனிக் கவலை.

கழட்டின தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டணும். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு"ன்னு தூக்கிப் போடறது ஒரு வழக்கமா ஆயிடுச்சு. அது தண்ணி 80 டிகிரிக்கு மேல போனதும் திறந்து விடற மதகு. அதை எடுத்துட்டா காலையில இன்ஜின் சூடேற நேரம் ஆகும், பெட்ரோல் கூடக் குடிக்கும், தேயும். சந்தேகம்னா ஒரு பாத்திரத்து வென்னீர்ல போட்டுப் பாருங்க, திறக்கலன்னா புதுசு மாத்துங்க. மதகு பழுதுன்னா சரி பண்ணுவோமா, பிடுங்கி எறிவோமா?

நிரப்பறதுக்கு, பேட்டரிக்கு ஊத்தற காய்ச்சி வடிச்ச தண்ணியும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி. கலந்தே விக்கிறதா இருந்தா அப்படியே ஊத்துங்க. "நம்ம ஊர்ல தண்ணி உறையவா போகுது, கூலன்ட் எதுக்கு?"ன்னு கேப்பாங்க. உறையாது. ஆனா துருப் பிடிக்கும். கூலன்ட்ல இருக்கிற துருத் தடுப்பு மருந்துக்காகத்தான் நமக்கு அது வேணும். கொதிநிலையும் ஏழெட்டு டிகிரி ஏறும். அதுக்காக முழுசா கூலன்ட்டே ஊத்தினா நல்லதுன்னு நினைக்காதீங்க, சூட்டை வாங்கிக்கிறதுல தண்ணிதான் கெட்டி. பழைய பச்சை ரகம்னா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். நிறத்துக்கு நிறம் கலக்காதீங்க. சிலது கலந்தா கூழ் மாதிரி ஆயிடும். ரொப்பின பிறகு காத்து அடைச்சுக்காம, மூடியைத் திறந்து வெச்சு இன்ஜினை ஓட விட்டு, குமிழி நின்னதும் மூடுங்க.

ஒரு ஷெட்டுக்காரர் நியாயமாவே ஒண்ணு சொன்னார்: "அண்ணே, பழைய ரேடியேட்டரைக் கழுவாதீங்க, கழுவினா ஒழுகும்." உண்மைதான், சில வண்டியில ஒழுகும். கழுவினதால ஓட்டை விழல. ஏற்கெனவே இருந்த ஓட்டையை அழுக்கு அடைச்சிருந்துச்சு. அது வீட்டு வாசல்ல தெரியறது நல்லதா, நசரேத்பேட்டை தாண்டி நடுரோட்டுல தெரியறது நல்லதா?

கழுவின தண்ணி எங்க போகுது?

இதுவரைக்கும் சொன்னது வண்டிக்காரங்க கவலை. இனிமே சொல்றது ஊர்க்காரன் கவலை.

கூலன்ட்டுல இருக்கிறது எத்திலீன் கிளைக்கால். அது இனிக்கும். விஷம். 2022-ல ஆப்பிரிக்காவுல காம்பியா நாட்டுல இருமல் மருந்து குடிச்சுக் குழந்தைங்க செத்தது ஞாபகம் இருக்கா? அந்த மருந்துல டை எத்திலீன் கிளைக்காலும் எத்திலீன் கிளைக்காலும் இருந்ததா உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விட்டுச்சு. அதே சரக்குதான் ரேடியேட்டர்ல ஓடுது. உடம்புக்குள்ள போனா அது மாறி சிறுநீரகத்துல படிகமா உட்கார்ந்துடும். ரேடியேட்டர்ல சுண்ணாம்பு அடைக்கிற மாதிரியே உயிருக்குள்ள அடைக்குது.

எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு ஷெட்டு. வண்டிக்கு அடியிலேர்ந்து வடியற பச்சைத் தண்ணி வாசல் பள்ளத்துல நிக்கும். வெயில் காலத்துல நாய்க்கு வேற தண்ணி ஏது? பக்கத்து வீட்டு நாய் ஒண்ணு, மனுஷன் குடிச்ச மாதிரி தள்ளாடிச்சு. மறுநாள் தேறின மாதிரி இருந்துச்சு. மூணாம் நாள் மூத்திரம் நின்னு போச்சு, போய்ச் சேர்ந்துடுச்சு. கால்நடை டாக்டர் முதல்ல கேட்ட கேள்வியே "பக்கத்துல மெக்கானிக் ஷெட்டு இருக்கா?" அப்படிங்கறதுதான். நாயை விடுங்க, மேய்ச்சலுக்குப் போயிட்டு வர்ற கன்னுக்குட்டிக்கும் அதே பள்ளம்தான், அதே இனிப்புதான்.

நியாயமாப் பேசணும்னா, கிளைக்கால் மண்ணுல ரொம்ப நாள் நிக்காது, நுண்ணுயிர் தின்னு முடிச்சிடும். ஒரு கேன் கூலன்ட்டால செம்பரம்பாக்கம் கெட்டுப்போகாது. அது 3,645 மில்லியன் கன அடி பிடிக்கிற ஏரி. ஆனா பழைய ரேடியேட்டர் ஈயத்தால பத்தவெச்சது. வடியற தண்ணியில அந்த ஈயமும் செம்பும் கரைஞ்சிருக்கும். அதைத் தின்ன நுண்ணுயிர் இல்ல. மண்ணுலயே தங்கும். ஒரு ஷெட்டு இல்ல, பாடியிலேர்ந்து திருமழிசை வரைக்கும் எத்தனை ஷெட்டுன்னு நினைச்சுப் பாருங்க. எங்க பக்கம் நேமம் ஏரி ரொம்பினா உபரித் தண்ணி போறது செம்பரம்பாக்கத்துக்கு. செம்பரம்பாக்கம் தண்ணி போறது உங்க வீட்டுக் குழாய்க்கு.

அதனால வடிச்சதை மூடி போட்ட கேன்ல பிடிங்க. குடிதண்ணி பாட்டில்ல வேணவே வேணாம், குழந்தைங்க எடுத்துடும். கழிவை எடுத்துக்கற ஏற்பாடு இருக்கிற பெரிய சர்வீஸ் சென்டர்ல கேட்டுக் கொடுங்க. கீழ சிந்தினதுல மண்ணைப் போட்டு அள்ளிடுங்க. ஷெட்டுல விட்டீங்கன்னா, "வடிச்சதை எங்க ஊத்துவீங்க?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. நாலு பேர் கேட்டா அஞ்சாவது வண்டிக்கு அவங்களே டிரம் வெச்சிருப்பாங்க.

மீதி அரசாங்கத்தோட வேலை. 2016-ல வந்த திடக்கழிவு விதிகள்லயே, பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா மாதிரி வீட்டு நச்சுக் குப்பையை வாங்க 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் வைக்கணும்னு சொல்லியிருந்தாங்க. அம்பத்தூர் 2011-லயே சென்னை மாநகராட்சியோட சேர்ந்துடுச்சு, ஆவடி 2019-ல தனி மாநகராட்சி ஆச்சு, பூந்தமல்லி நகராட்சி. மெக்கானிக் தெருவுக்கு ஒரு டிரம் வெச்சு, மாசத்துக்கு ஒரு தடவை எடுத்துட்டுப் போறது இவங்களுக்குப் பெரிய செலவு இல்ல. கூலன்ட்டையும் இன்ஜின் ஆயிலையும் அந்தக் கணக்குல சேர்க்கணும். பூச்சிமருந்து டப்பாவைக் கால்வாயில போடாதேன்னு எங்களுக்குப் புத்தி சொல்றீங்க. சரியான புத்திதான், கேட்டுக்கறோம். அதே புத்தி காருக்கும் உண்டு.

பழைய வண்டியை வெச்சுக்கிறதும் விக்கிறதும் உங்க வசதி. வெச்சுக்கிறதா இருந்தா, மழைக்காலம் முடிஞ்சு தை மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமையை இதுக்கு ஒதுக்குங்க. உள்ள போற தண்ணி உப்பில்லாம இருக்கட்டும். வெளிய வர்ற தண்ணி யார் வாய்லயும் படாம இருக்கட்டும்.